எத்னிக் ஸ்டடீஸ் மைனர் முடிக்க என்னென்ன வேணும்? கலிஃபோர்னியா காலேஜ் பசங்களுக்கும் பெத்தவங்களுக்கும் கேள்வி பதில்

கலிஃபோர்னியாவுல யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) காலேஜ்ல படிக்கிற நம்ம பசங்க, அவங்க அப்பா அம்மா, ரெண்டு பக்கமும் என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்கறதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன். மேஜர்னா முக்கியப் பாடம், மைனர்னா அதோட கூட எடுக்கிற துணைப் பாடம். நானும் ஒரு டெக்னிக்கல் மேஜரோட சேர்த்து இந்த மைனரை முடிச்ச ஆள்தான். உதாரணத்துக்கு அங்கங்க யூசி பெர்க்லி விதிகளைச் சொல்லியிருக்கேன், உங்க காலேஜ் வேறயா இருந்தா அதோட விதிகள் போட்டிருக்கிற கேட்டலாக்கை தொறந்து வச்சுக்கிட்டு பக்கத்துல ஒப்பிட்டுப் படிங்க.

முதல்ல இது என்ன படிப்பு? ஆந்த்ரோபாலஜி மாதிரியா?

இல்லைங்க. அமெரிக்காவுக்குள்ள நாலு சமூகங்கள், அதாவது கறுப்பின மக்கள், அந்த மண்ணோட பூர்வகுடிகள், ஆசிய அமெரிக்கர்கள், சிகானோ லத்தீனோ மக்கள் (மெக்சிகோ, லத்தீன் அமெரிக்க வம்சாவளி), இவங்க வரலாறு, உழைப்பு, சட்டம், இலக்கியம், போராட்டம் எல்லாத்தையும் அவங்க நின்ன இடத்துல இருந்தே பார்க்கிற படிப்பு. வெளிய நின்னு "இந்த ஜனங்க எப்படி வாழறாங்க"ன்னு குறிப்பெடுக்கிற படிப்பு இல்ல.

இது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் இதோட விதிகள் ஏன் இப்படி இருக்குன்னு புரியும். 1968 நவம்பர் 6ஆம் தேதி சான் ஃப்ரான்சிஸ்கோ ஸ்டேட் காலேஜ்ல பிளாக் ஸ்டூடன்ட் யூனியனும், தேர்ட் வேர்ல்ட் லிபரேஷன் ஃப்ரன்ட்ங்கற மாணவர் கூட்டணியும் சேர்ந்து ஸ்ட்ரைக் ஆரம்பிச்சாங்க, எங்க வரலாறு எங்க பாடத்துல இல்ல, எங்க ஆளுங்க இந்த காலேஜ்ல வாத்தியாரா இல்ல, எங்க பிள்ளைங்களுக்கு அட்மிஷன் இல்லன்னு. போலீஸ் அடி, கைது, எல்லாம் நடந்து அடுத்த வருஷம் மார்ச் வரைக்கும் போச்சு, அமெரிக்க வரலாற்றுலயே நீளமான மாணவர் ஸ்ட்ரைக் அது. அது முடிஞ்சுதான் அங்க காலேஜ் ஆஃப் எத்னிக் ஸ்டடீஸ் வந்துச்சு, நாட்டுலயே முதல் தடவையா. 1969 ஜனவரில பெர்க்லி பசங்களும் இறங்கினாங்க, நேஷனல் கார்டு ராணுவப் படை கேம்பஸுக்குள்ள வந்துச்சு, அந்த வருஷமே அங்கயும் டிபார்ட்மென்ட் வந்துச்சு. நாம இன்னைக்கு ஆன்லைன்ல ஒரு பட்டனை அமுக்கி சேர்ற கோர்ஸுக்காக படிப்பையே பணயம் வச்ச பசங்க இருந்திருக்காங்க. அதனாலதான் இதை யாராவது "ஈஸி ஏ", சும்மாவே ஏ கிரேடு கிடைக்கும்னு சொன்னா எனக்கு தாங்காது.

மொத்தம் எத்தனை கோர்ஸ் எடுக்கணும்?

காலேஜுக்கு காலேஜ் மாறும், ஆனா பெரும்பாலும் அஞ்சுல இருந்து ஏழு கோர்ஸுக்குள்ள அடங்கிடும். பெர்க்லில லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ்ங்கற பிரிவோட மைனர்னா குறைஞ்சது 5 அப்பர் டிவிஷன் (மேல் நிலை) கோர்ஸ், லோயர் டிவிஷன்னா ஆரம்ப நிலை கோர்ஸ். யூசி சான் டியாகோல 28 யூனிட் (யூனிட்னா கோர்ஸோட அளவு), அதுல 20 யூனிட் அப்பர் டிவிஷனா இருக்கணும், அங்க கோர்ஸ் ஒண்ணு 4 யூனிட்ங்கறதால ஏழு கோர்ஸ் கணக்கு வரும். கால் ஸ்டேட் கேம்பஸ்கள்ல பெரும்பாலும் 18 யூனிட், 21 யூனிட் மாதிரி பார்ப்பீங்க.

ஒண்ணு கவனிங்க. யூனிட் நம்பரை மட்டும் வச்சு ரெண்டு காலேஜை ஒப்பிடாதீங்க. யூசில பெர்க்லியும் மெர்செட்டும் செமஸ்டர் (வருஷத்துக்கு ரெண்டு பருவம்), மத்ததெல்லாம் குவார்ட்டர் (மூணு சின்னப் பருவம்), ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு ஒண்ணரை குவார்ட்டர் யூனிட். சான் டியாகோல 28ன்னு பார்த்து பயந்துட்டு கால் ஸ்டேட்ல 18தான்னு ஒருத்தர் முடிவெடுக்கப் பார்த்தாங்க, கணக்கு போட்டுப் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அந்த கோர்ஸ் எல்லாம் நம்ம இஷ்டத்துக்கு எடுக்கலாமா?

பாதி இஷ்டம், பாதி கட்டாயம். பொதுவா ஒரு அறிமுக கோர்ஸோ ரெண்டோ இருக்கும். அப்புறம் தியரி இல்லன்னா ஆராய்ச்சி முறை சொல்லித்தர்ற ஒரு கோர்ஸ். மீதி எலெக்டிவ், ஆனா அதுலயும் பல இடங்கள்ல "ரெண்டு வேற வேற சமூகங்களைப் பத்தி இருக்கணும்" இல்லன்னா "ஒப்பீட்டு கோர்ஸ் ஒண்ணாவது இருக்கணும்"னு ஒரு வரி இருக்கும். அந்த வரியைத்தான் பசங்க கோட்டை விட்டுடறாங்க. சில காலேஜ்ல கம்யூனிட்டில போய் வேலை செய்யற கோர்ஸ் ஒண்ணும் கேப்பாங்க, லீகல் எய்ட், ஓரல் ஹிஸ்டரி பதிவு, பள்ளிக்கூட பசங்களுக்கு சொல்லித்தர்றது மாதிரி. 1968ல அவங்க கேட்டதுலயே அது இருந்துச்சு, படிச்ச படிப்பு வந்த சமூகத்துக்குப் போய்ச் சேரணும்னு.

அறிமுக கோர்ஸுகள் எப்படி இருக்கும்னு தெரியணும்னா சான் டியாகோ வரிசையைப் பாருங்க. முதல் கோர்ஸ் நிலமும் உழைப்பும், ரெண்டாவது வேறுபாடுகள் எப்படி உருவாகி பரவுதுன்னு, மூணாவது கலாச்சாரம். நிலத்துல இருந்து ஆரம்பிக்கறாங்க பாருங்க, யாரோட நிலம், யாரோட உழைப்புங்கற கேள்வியை விட்டுட்டு அமெரிக்க வரலாற்றைத் தொடவே முடியாது.

எத்னிக் ஸ்டடீஸ் மைனர், ஏசியன் அமெரிக்கன் ஸ்டடீஸ் மைனர், ரெண்டும் ஒண்ணா?

பல இடங்கள்ல தனித்தனி. பெர்க்லில எத்னிக் ஸ்டடீஸ் டிபார்ட்மென்ட்டுக்குள்ளயே ஒப்பீட்டு எத்னிக் ஸ்டடீஸ், ஆசிய அமெரிக்க, சிகானோ லத்தீனோ, நேட்டிவ் அமெரிக்கன்னு பிரிவுகள் இருக்கு. ஆஃப்ரிக்கன் அமெரிக்கன் ஸ்டடீஸ் 1974ல தனி டிபார்ட்மென்ட்டா பிரிஞ்சு போயிடுச்சு, அதனால அந்த கோர்ஸ் உங்க மைனருக்கு எண்ணுமான்னு கேக்காம எடுக்காதீங்க. யூசிஎல்ஏல நாலு சமூகத்துக்கும் 1969ல நாலு தனி ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க, மைனரும் அதே மாதிரி தனித்தனியாத்தான் இருக்கும். ஃபார்ம்ல பேரை சரியா எழுதுங்க, "எத்னிக் ஸ்டடீஸ் ஏதோ ஒண்ணு"ன்னு மனசுல வச்சுக்கிட்டு கோர்ஸ் எடுத்து, கடைசில ரெண்டு மைனர்லயும் பாதி பாதி முடிச்ச நிலைமைல நிக்கிறவங்க உண்டு.

என் பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ். நாலு வருஷத்துக்குள்ள இதையும் முடிக்க முடியுமா, இல்ல ஒரு வருஷம் கூட ஃபீஸ் கட்டணுமா?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். முடியும், கூட வருஷம் தேவையில்ல, ஆனா டபுள் கவுன்ட்டிங் விதியை, அதாவது ஒரே கோர்ஸை ரெண்டு இடத்துல காட்டற விதியை, ரெண்டாவது வருஷத்துக்குள்ள புரிஞ்சுக்கிட்டு பிளான் போட்டாதான்.

மைனர் கோர்ஸ் வேற மூணு இடத்தோட மோதலாம். ஒண்ணு மேஜர், ரெண்டாவது எல்லாரும் எடுக்கிற பொதுப் பாடங்களான ஜெனரல் எஜுகேஷன், மூணாவது இன்னொரு மைனர். பெர்க்லில மேஜருக்கும் மைனருக்கும் சேர்த்து ஒரே ஒரு அப்பர் டிவிஷன் கோர்ஸைத்தான் ரெண்டு பக்கமும் காட்டலாம். சிஎஸ் பசங்களுக்கு இது பிரச்சனையே இல்ல, ஏன்னா அவங்க மேஜரும் இந்த மைனரும் தொட்டுக்கவே தொட்டுக்காது. சோஷியாலஜி, ஹிஸ்டரி மேஜர் பசங்கதான் இங்க மாட்டுவாங்க, நிறைய கோர்ஸ் ரெண்டு லிஸ்ட்லயும் இருக்கும், எல்லாத்தையும் ரெண்டு தடவை எண்ணிடலாம்னு நினைச்சுடுவாங்க.

ஆனா ஜெனரல் எஜுகேஷன் பக்கம் கதவு தொறந்தே இருக்கு. பெர்க்லி லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ்ல ஏழு கோர்ஸ் பிரெட்த்னு, வேற வேற துறைல இருந்து ஏழு கோர்ஸ், எல்லாரும் எடுத்தே ஆகணும், அதுல ஹிஸ்டாரிக்கல் ஸ்டடீஸ், சோஷியல் அண்ட் பிஹேவியரல் சயின்ஸ், ஆர்ட்ஸ் அண்ட் லிட்டரேச்சர், ஃபிலாசஃபி அண்ட் வேல்யூஸ் இதெல்லாம் வரும். மைனருக்கு எடுக்கிற கோர்ஸை இந்த பிரெட்த்துக்கும் காட்டலாம். அப்புறம் அமெரிக்கன் கல்ச்சர்ஸ்னு ஒரு கோர்ஸ், 1989ல அங்க பேராசிரியர்கள் ஓட்டு போட்டு கொண்டு வந்தது, எல்லா அண்டர்கிராஜுவேட் பசங்களுக்கும் கட்டாயம், அதையும் எத்னிக் ஸ்டடீஸ்லயே எடுத்துக்க முடியும். இப்ப கணக்கு பாருங்க. மைனருக்கு அஞ்சு கோர்ஸ். கவனமா தேர்ந்தெடுத்தா அதுல ரெண்டோ மூணோ எப்படியும் எடுத்தே ஆக வேண்டிய பிரெட்த்தை முடிச்சுக் குடுத்துடும். உண்மையில கூடுதல் சுமை ரெண்டு மூணு கோர்ஸ்தான், அதை மூணு வருஷத்துல பரப்பினா வருஷத்துக்கு ஒண்ணு. அவ்வளவுதான்.

பிளான் போடாத பசங்க என்ன பண்றாங்கன்னா, முதல் வருஷத்துலயே பிரெட்த் எல்லாத்தையும் கண்ணுக்கு பட்ட லோயர் டிவிஷன் கோர்ஸா எடுத்து தீர்த்துடறாங்க, மூணாவது வருஷம் ஆசை வந்து இங்க வரும்போது அஞ்சு கோர்ஸும் முழுசா கூடுதல் சுமையா நிக்குது. அதனால முதல் வருஷப் பிள்ளைங்களுக்கு நான் சொல்றது, ஒரே ஒரு அறிமுக கோர்ஸ் எடுத்துப் பாரு, பிடிச்சா மீதி பிரெட்த்தை இதுக்காக விட்டு வை.

கால் ஸ்டேட்ல எத்னிக் ஸ்டடீஸ் எல்லாருக்கும் கட்டாயம்தானே, அதுவே மைனர் ஆயிடாதா?

ஆகாது. 2020 ஆகஸ்ட்ல கவர்னர் நியூசம் கையெழுத்து போட்ட ஏபி 1460 சட்டம் அது, கால் ஸ்டேட்ல டிகிரி வாங்க எத்னிக் ஸ்டடீஸ்ல ஒரு 3 யூனிட் கோர்ஸ் எடுத்தே ஆகணும்னு. சட்டத்தைக் கொண்டு வந்தவங்க ஷெர்லி வெபர், அவங்களே சான் டியாகோ ஸ்டேட்ல ஆஃப்ரிக்கானா ஸ்டடீஸ் (கறுப்பின மக்களைப் பத்தின துறை) பேராசிரியரா பல வருஷம் வேலை பார்த்தவங்க. ஜெனரல் எஜுகேஷன் பட்டியல்ல முதல்ல இதை ஏரியா எஃப்னு சொன்னாங்க, 2025 இலையுதிர் காலத்துல இருந்து ஏரியா 6. அந்த நாலு துறைகளோட கோர்ஸ் நம்பர் இருந்தாதான் எண்ணும், சோஷியாலஜி டிபார்ட்மென்ட்ல "இனமும் சமூகமும்"னு ஒரு கோர்ஸ் இருந்தா பேரைப் பார்த்து ஏமாறாதீங்க.

ஆனா அந்த ஒரு கோர்ஸ் பல இடங்கள்ல மைனரோட முதல் படியா எண்ணப்படும். அப்படின்னா ஒரு கோர்ஸ் ஏற்கனவே கையில இருக்கு. அதோட அப்பர் டிவிஷன் ஜெனரல் எஜுகேஷன்னு கால் ஸ்டேட்ல 9 யூனிட் வேற எடுக்கணும், அதுல ஹியூமானிட்டீஸ், சோஷியல் சயின்ஸ் பங்கை எத்னிக் ஸ்டடீஸ் கோர்ஸா பார்த்து எடுத்தீங்கன்னா பாதி மைனர் தானா முடிஞ்சுடும்.

கம்யூனிட்டி காலேஜ்ல எடுத்துட்டு வந்தா செல்லுமா? அங்க செலவு கம்மியாச்சே.

செலவு ரொம்பவே கம்மி, கலிஃபோர்னியா ரெசிடென்ட்டுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். லோயர் டிவிஷன் கோர்ஸுக்கு தாராளமா அங்க போங்க, ஆனா அசிஸ்ட்னு ஒரு வெப்சைட் இருக்கு, எந்த கம்யூனிட்டி காலேஜ் கோர்ஸ் எந்த யூனிவர்சிட்டில எதுக்கு சமம்னு அதுல போட்டிருக்கும், முதல்ல அதைப் பார்த்துட்டு சேருங்க. டிரான்ஸ்ஃபர் பண்றவங்க முடிக்கிற பொதுப் பாடப் பட்டியலான கால்ஜெட்சி பேட்டர்ன்லயே எத்னிக் ஸ்டடீஸுக்கு தனி ஏரியா இருக்கு.

கம்யூனிட்டி காலேஜ் கோர்ஸ் எதுவும் அப்பர் டிவிஷன் ஆகாதுங்கறதை மட்டும் மறக்காதீங்க. பெர்க்லி மாதிரி மைனர் முழுக்க அப்பர் டிவிஷனா கேக்கற இடத்துல அதை வச்சு மைனரை முடிக்க முடியாது. அதே மாதிரி வேற யூனிவர்சிட்டில எடுத்த அப்பர் டிவிஷன் கோர்ஸா இருந்தாலும், பெர்க்லில மைனர் கோர்ஸ்ல மூணாவது அங்கயே எடுத்திருக்கணும். இந்த மாதிரி ரெசிடென்ஸி விதி எல்லா காலேஜ்லயும் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கும்.

பாஸ் நோ பாஸ்ல எடுக்கலாமா? கிரேடு எவ்வளவு வேணும்?

பாஸ் நோ பாஸ், அதாவது கிரேடு இல்லாம பாஸா இல்லையான்னு மட்டும் போடறது, வேணாம். பெர்க்லில மைனரோட அப்பர் டிவிஷன் கோர்ஸ் எல்லாம் லெட்டர் கிரேடுக்குத்தான் எடுக்கணும், மைனர் கோர்ஸ்களோட ஜிபிஏ 2.0க்கு குறையக் கூடாது. மத்த இடங்கள்லயும் கிட்டத்தட்ட இதே கதைதான், சில இடத்துல ஒவ்வொரு கோர்ஸ்லயும் சி வாங்கணும்பாங்க, சி மைனஸ் வாங்கினா போச்சு. பிரெட்த்துக்கு மட்டும்னா பாஸ் நோ பாஸ் செல்லும், அதை நம்பி ஒரு கோர்ஸை பாஸ் நோ பாஸ்ல போட்டுட்டு அப்புறம் அதை மைனர்ல காட்ட முடியாம போறது அடிக்கடி நடக்குது.

எப்ப டிக்ளேர் பண்ணணும்?

டிக்ளேர்னா இந்த மைனர் எடுக்கறேன்னு முறையா பதிவு பண்றது. பெர்க்லில கடைசி கெடு, நீங்க பட்டம் வாங்கறதா சொல்லியிருக்கிற செமஸ்டருக்கு ஒரு செமஸ்டர் முன்னாடி. ஆனா கெடு வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? ரெண்டு கோர்ஸ் முடிச்ச கையோட டிக்ளேர் பண்ணிடுங்க. காரணம் ரெண்டு. டிக்ளேர் பண்ணாதான் டிபார்ட்மென்ட் அட்வைசருக்கு நீங்க யாருன்னே தெரியும், சில கோர்ஸ்ல சீட் கூட டிக்ளேர் பண்ணவங்களுக்கு முதல்ல போகும். ரெண்டாவது, விதி நடுவுல மாறினா எந்த வருஷ கேட்டலாக் உங்களுக்குப் பொருந்தும்ங்கற கேள்வி வரும், முன்னாடியே பதிவாகி இருந்தா பழைய விதிலயே முடிக்க விடுவாங்க.

கட்டாய கோர்ஸ் இந்த செமஸ்டர் ஓடலன்னா?

இந்த மைனர்ல பசங்க தடுக்கி விழறது பெரும்பாலும் இங்கதான், பாடம் கஷ்டம்னு இல்ல. டிபார்ட்மென்ட் சின்னது, தியரி கோர்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், சில சமயம் வாத்தியார் சபாட்டிகல்னு நீண்ட லீவுல போயிட்டா அதுவும் இல்ல. அதனால ரெண்டாவது வருஷத்துலயே அட்வைசர்கிட்ட போய் அடுத்த ரெண்டு வருஷத்துக்கு எது எப்ப வரும்னு கேட்டு வாங்கிடுங்க, அவங்ககிட்ட உத்தேசமா ஒரு அட்டவணை இருக்கும். சிஎஸ் லேப் டைமோட மோதுதான்னு அப்பவே தெரிஞ்சுடும்.

கோர்ஸ் கிடைக்கவே இல்லன்னா சப்ஸ்டிட்யூஷன் கேக்கலாம், வேற டிபார்ட்மென்ட்ல எடுத்த ஒரு கோர்ஸை இதுக்கு பதிலா ஏத்துக்கோங்கன்னு. அதுக்கு சிலபஸ் கேப்பாங்க. எடுத்த ஒவ்வொரு கோர்ஸோட சிலபஸையும் டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, செமஸ்டர் முடிஞ்சதும் கோர்ஸ் சைட்டை மூடிடுவாங்க. சம்மதம் கிடைச்சா வாய் வார்த்தையா விடாம ஈமெயில்ல வாங்கிக்கோங்க, அட்வைசர் மாறிட்டா அந்த ஈமெயில் மட்டும்தான் சாட்சி.

எஃப்-1 விசால இருக்கேன், மைனர் எடுத்தா பிரச்சனை வருமா?

எடுக்கறதுல பிரச்சனை இல்ல. விசாவுக்காக காலேஜ் குடுத்த ஐ-20 ஃபார்ம்ல இருக்கிற முடிவு தேதிக்குள்ள மேஜரும் மைனரும் ரெண்டும் முடியுதான்னு மட்டும் பாருங்க. மைனர் முடியலங்கற ஒரே காரணத்துக்கு ஐ-20 எக்ஸ்டென்ஷன் கிடைக்கும்னு நம்பி பிளான் போடாதீங்க, முன்னாடியே இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டுடுங்க. ஒவ்வொரு செமஸ்டரும் 12 யூனிட் குறையாம இருக்கணும், அதுல ஒரே ஒரு ஆன்லைன் கோர்ஸ்தான் கணக்குல வரும், எத்னிக் ஸ்டடீஸ்ல ஆன்லைன் கோர்ஸ் நிறைய இருக்கறதால இதைச் சொல்றேன். ஓபிடி, அதாவது இந்த விசால செய்யற பயிற்சி வேலை, மேஜர் துறையோட சம்பந்தப்பட்டு இருக்கணும், மைனரை வச்சு ஓபிடி கேக்க முடியாது. அதே மாதிரி சிஎஸ் படிச்சவங்களுக்கு ஓபிடியை நீட்டிக்கிற ஸ்டெம் எக்ஸ்டென்ஷனுக்கு இந்த மைனரால எந்த பாதிப்பும் இல்ல.

பாடம் கஷ்டமா? கணக்கு மாதிரி மண்டை காயுமா?

வேற மாதிரி உழைப்பு. வாரா வாரம் நிறைய படிக்கணும், எழுதணும், கிளாஸ்ல வாயைத் திறந்து பேசணும். நம்ம பசங்களுக்கு கடைசி விஷயம்தான் கஷ்டம், பதில் சரியா தப்பான்னு உறுதியா தெரிஞ்சாதான் பேசுவாங்க. இங்க ஒரு கோர்ட் தீர்ப்பையே குடுத்து இதுல நீதிபதி எப்படி யோசிச்சிருக்காருன்னு எழுதச் சொல்லுவாங்க. 1922 நவம்பர்ல ஒசாவா வழக்குல சுப்ரீம் கோர்ட், ஜப்பானியர் காகேசியன் (அப்ப ஐரோப்பியரோட இந்தியரையும் சேர்த்து வச்சிருந்த இன வகை) இல்ல, அதனால வெள்ளையர் இல்ல, குடியுரிமை கிடையாதுன்னு சொல்லுது. அடுத்த மூணு மாசத்துல பகத் சிங் திந்த் வழக்கு, பஞ்சாப்ல பிறந்து முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், சரி நான் காகேசியன்தானேன்னு அவங்க வாதத்தையே எடுத்து வைக்கறார். அதே நீதிபதி சதர்லேண்ட், சாதாரண மனுஷன் பார்வைல நீ வெள்ளையன் இல்லன்னு எழுதறார். ரெண்டு தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சா ராத்திரி தூக்கம் வராது. இதை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்க முடியாது, யோசிச்சுத்தான் ஆகணும்.

நம்மளைப் பத்தி, இந்தியர்களைப் பத்தி, இதுல ஏதாவது இருக்கா?

இருக்கு, நிறைய. திந்த் தீர்ப்புக்கு அப்புறம் ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள்கிட்ட இருந்து அதைப் பறிச்சாங்க. அதுல ஒருத்தர் வைஷ்ணோ தாஸ் பகாய், சான் ஃப்ரான்சிஸ்கோல கடை வச்சிருந்தவர், குடியுரிமை போய், சொத்து வச்சுக்க முடியாம, 1928ல உயிரை விட்டுட்டார். அவர் மனைவி கலா பகாய் பேருல பெர்க்லி டவுன்டவுன்ல இன்னைக்கு ஒரு தெரு இருக்கு. பல வருஷம் முன்னாடி அவங்க குடும்பம் அந்த ஊர்ல வீடு வாங்கினப்போ உள்ள வர விடாம அக்கம்பக்கத்துக்காரங்க தடுத்தாங்க. அந்தத் தெருவுல காபி குடிக்கிற நம்ம பசங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்திய விடுதலைக்காக 1913ல ஆரம்பிச்ச கதர் (Ghadar) கட்சி சான் ஃப்ரான்சிஸ்கோல இருந்துதான் பத்திரிகை போட்டுச்சு. 1946ல சட்டம் மாறி இந்தியர்களுக்கு குடியுரிமை வந்துச்சு, ஆனா வருஷத்துக்கு நூறு பேர்தான் வரலாம். தலீப் சிங் சௌந்த், பெர்க்லில கணக்குல டாக்டர் பட்டம் வாங்கிட்டு விவசாயம் பார்த்தவர், 1956ல அமெரிக்க காங்கிரஸுக்கு, அதாவது நாடாளுமன்றத்துக்கு, ஜெயிச்ச முதல் ஆசிய அமெரிக்கர்.

தமிழர் பக்கம் வந்தா, 1958ல ஷ்யாமளா கோபாலன் பெர்க்லிக்கு படிக்க வந்தாங்க, கமலா ஹாரிஸோட அம்மா. அங்க ஆஃப்ரோ அமெரிக்கன் அசோசியேஷன்னு கறுப்பின மாணவர்கள் நடத்தின படிப்பு வட்டத்துலதான் அவங்க தன் கணவரை சந்திச்சாங்க. எத்னிக் ஸ்டடீஸ்னு ஒரு துறை வர்றதுக்கு முன்னாடியே அந்தப் படிப்பு எப்படி நடந்துச்சுன்னு பார்க்கணும்னா அந்த மாதிரி வட்டங்களைத்தான் பார்க்கணும். சாதியும் இப்ப பாடத்துல வருது, 2022 ஜனவரில கால் ஸ்டேட் தன்னோட பாகுபாடு தடுப்பு கொள்கைல சாதியைச் சேர்த்துச்சு, 2023ல மாநிலம் முழுக்க அதைக் கொண்டு வர்ற எஸ்பி 403 சட்டசபைல பாஸ் ஆகி கவர்னர் வீட்டோ பண்ணிட்டார். நம்ம வீடுகள்ல பேசத் தயங்கற விஷயம், கிளாஸ்ல நம்ம பிள்ளை அதைப் பத்தி பேச வேண்டி வரும். பேசட்டும், நல்லதுதான்.

அப்போ ஏசியன் அமெரிக்கன் கோர்ஸா பார்த்து எடுத்தா போதும்தானே?

விதிப்படியே பல இடத்துல போதாது, மேல சொன்னேன். விதி அனுமதிச்சாலும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன். 1965 செப்டம்பர்ல கலிஃபோர்னியா டெலானோல திராட்சைத் தோட்டத்துல லாரி இட்லியாங் தலைமைல ஃபிலிப்பினோ தொழிலாளர்கள் ஸ்ட்ரைக் ஆரம்பிச்சாங்க, ஒரு வாரத்துல சீசர் சாவேஸோட மெக்சிகன் தொழிலாளர் சங்கமும் சேர்ந்துக்கிச்சு. அதுக்கு அடுத்த மாசம் 3ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் புது குடியேற்றச் சட்டத்துல கையெழுத்து போடறார், நாடு வாரியா இருந்த பழைய கோட்டா ஒழியுது, நம்ம ஊர் டாக்டரும் இன்ஜினியரும் அமெரிக்கா வந்தது அந்தச் சட்டத்தாலதான். அந்தச் சட்டம் எப்படி சாத்தியமாச்சு? கறுப்பின மக்கள் தெருவுல இறங்கி அடி வாங்கி சிவில் ரைட்ஸ் சட்டம் கொண்டு வந்த சூழ்நிலைலதான். நம்ம குடும்பம் இங்க வந்த கதையோட முதல் அத்தியாயத்தை எழுதினவங்க அவங்க. அவங்க வரலாற்றைப் படிக்காம நம்ம வரலாற்றை மட்டும் படிச்சா நடுவுல இருந்து படிக்கிற மாதிரி.

பூர்வகுடி கோர்ஸ் ஒண்ணாவது எடுங்க. 1969 நவம்பர்ல பூர்வகுடிகள் சான் ஃப்ரான்சிஸ்கோ பக்கத்துல பழைய ஜெயில் இருக்கிற அல்கட்ராஸ் தீவைப் பிடிச்சு பத்தொன்பது மாசம் உக்காந்திருந்தாங்க, சான் ஃப்ரான்சிஸ்கோ ஸ்டேட்லயும் பெர்க்லிலயும் படிச்ச நேட்டிவ் பசங்க அதுல முன்னாடி நின்னாங்க. ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வந்தா அந்தத் தீவுக்கு டூர் கூட்டிட்டுப் போறோம், ஜெயிலை மட்டும் பார்த்துட்டு வந்துடறோம்.

இதை வச்சு என்ன வேலை கிடைக்கும்?

மைனரை மட்டும் வச்சு வேலை கிடைக்காது, அது எந்த மைனருக்கும் பொருந்தும். மேஜரோட சேர்ந்துதான் பேசும். மெடிசின் போறவங்களுக்கு எம்கேட் நுழைவுத் தேர்வுல 2015ல இருந்து சைக்காலஜி சோஷியாலஜி பகுதி இருக்கு, சமூக ஏற்றத்தாழ்வு பத்தின கேள்விக்கு இது நேரா உதவும், பேஷண்ட்கிட்ட பேசறதுக்கு அதை விட உதவும். லா ஸ்கூல், பப்ளிக் ஹெல்த், சோஷியல் வொர்க், அரசாங்க வேலை எல்லாத்துலயும் இது நல்லா எடுபடும். டீச்சிங் போக நினைக்கிறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 2021ல ஏபி 101னு ஒரு சட்டம் வந்து ஹைஸ்கூல்லயும் ஒரு செமஸ்டர் எத்னிக் ஸ்டடீஸ் கட்டாயம்னு சொல்லுச்சு, ஆனா பணம் ஒதுக்கினாதான் அமலுக்கு வரும்னும் அதுலயே எழுதியிருக்கு, 2025 பட்ஜெட்ல ஒதுக்கல. சில டிஸ்ட்ரிக்ட் தானாவே நடத்துது. அந்தச் சட்டத்தை மட்டும் நம்பி டீச்சர் வேலை நிச்சயம்னு நினைக்காதீங்க, டீச்சர் உரிமமான கிரெடென்ஷியல் தனியா வேணும்.

இந்த மாதிரி டிபார்ட்மென்ட்டை எல்லாம் மூடறாங்கன்னு நியூஸ்ல வருதே?

பயம் நியாயம்தான். அரிசோனால 2010ல எச்பி 2281ன்னு சட்டம் போட்டு, 2012ல டூசான் பள்ளிக்கூடங்கள்ல மெக்சிகன் அமெரிக்கன் ஸ்டடீஸை நிறுத்தினாங்க. 2017ல ஃபெடரல் நீதிபதி வாலஸ் தாஷிமா, அது இனத் துவேஷத்தால வந்த சட்டம், அரசியலமைப்புக்கு எதிரானதுன்னு தீர்ப்பு குடுத்தார். சின்ன வயசுல அவரே ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ஜப்பானிய அமெரிக்கர்களை அடைச்ச போஸ்டன் முகாம்ல, அரிசோனாலயே, இருந்தவர். அஞ்சு வருஷத்துக்கு மேல அந்தப் பசங்க படிப்பு போச்சு, அதை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் குடுக்கல.

டெக்சஸ் ஏ அண்ட் எம் யூனிவர்சிட்டி 2024 நவம்பர்ல ஆள் சேரலன்னு சொல்லி 52 மைனர், சர்டிபிகேட் புரோகிராம்களை எடுத்துடுச்சு. கலிஃபோர்னியால சட்டப் பாதுகாப்பு அதிகம், இருந்தாலும் எண்ணிக்கை எல்லா இடத்துலயும் பேசும். ஒரு மைனரை மூடறாங்கன்னா ஏற்கனவே டிக்ளேர் பண்ணவங்களை பொதுவா முடிக்க விடுவாங்க, சும்மா கோர்ஸ் மட்டும் எடுத்துட்டு இருந்தவங்க லிஸ்ட்லயே இருக்க மாட்டாங்க. சீக்கிரம் டிக்ளேர் பண்ணுங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், உங்க பேரும் அந்த எண்ணிக்கைல ஒண்ணா இருந்தா டிபார்ட்மென்ட்டுக்கே பலம்.

டிப்ளமாவுல மைனர் பேரு வருமா?

பெர்க்லில வராது, டிரான்ஸ்கிரிப்ட்ல வரும். நிறைய இடத்துல இப்படித்தான். ரெஸ்யூமேல நீங்களே தாராளமா போட்டுக்கலாம்.

கடைசி செமஸ்டர்ல என்ன பண்ணணும்?

கோர்ஸ் முடிஞ்சா மைனர் தானா ஏறிடும்னு நினைக்காதீங்க, பல இடங்கள்ல கம்ப்ளீஷன் ஃபார்ம்னு ஒண்ணு டிபார்ட்மென்ட்டுக்கு குடுக்கணும், எந்த கோர்ஸ், எந்த செமஸ்டர், என்ன கிரேடுன்னு நிரப்பி. செமஸ்டர் ஆரம்பத்துலயே எது முடிஞ்சுது, எது பாக்கின்னு ஆன்லைன்ல காட்டற டிகிரி ஆடிட்டை எடுத்து மைனர் பகுதில எல்லாம் பச்சையா இருக்கான்னு பாருங்க, சப்ஸ்டிட்யூட் பண்ண கோர்ஸ்தான் பெரும்பாலும் ஏறாம நிக்கும், அந்த ஈமெயிலை எடுத்து அட்வைசருக்கு அனுப்புங்க. மொத்த யூனிட் சீலிங்கை, அதாவது உச்ச வரம்பை, தாண்டாம இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துடுங்க. கிரேடு எல்லாம் வந்ததும் அன்அஃபிஷியல் டிரான்ஸ்கிரிப்ட்டைத் திறந்து மைனர் பேரு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அன்னைக்கே எழுதுங்க, ஏன்னா டிகிரியை முறையா வழங்கி ரெக்கார்டை மூடிட்டா அதுக்கப்புறம் மைனரைச் சேர்க்கறது ரொம்ப ரொம்ப கஷ்டம்.